யார் யார் எங்கே படுக்கிறீர்கள்?

அத்தியாயம் 14

"உங்க வீட்ல யார் யார் எங்க படுக்கிறீங்க?"

கேட்டது ஒரு பெண் குரல். இளம் குரல்.

"அம்மா பின்னாடி ரூம்ல. அவ நடு ரூம்ல. நான் ஹால்ல" என்றான் கலையரசன்.

"மேடம் தனியாவா படுக்கிறாங்க?"

"ம்."

"கதவைச் சாத்திப்பாங்களா?"

"சாத்திகினுதான் படுப்பா."

"சரி, அப்ப வெள்ளிக்கிழமை வரேன். அவங்ககிட்ட சொல்லிட்டீங்களா?"

"ஐயோ, அவகிட்ட இப்ப ஒண்ணும் சொல்லாதீங்க. சொன்னா மூஞ்சியே மாறிடும். நீங்க வாங்க, அப்பறம் பாத்துக்கலாம்."

போன ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம், மொட்டை மாடியில் காய்ந்த துணியை எடுக்கப் போன அவன் மனைவி அன்பரசியின் காதில் விழுந்தது இவ்வளவுதான். கலையரசனின் போனில் காதில் வைத்துக் கேட்கிற ஸ்பீக்கர் எப்போதோ செத்துவிட்டது. யாரிடம் பேசினாலும் ஊருக்கே கேட்கும்படிதான் பேசியாக வேண்டும். அப்படிப்பட்டவன் தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் ஒதுங்கி நின்று பேசிக்கொண்டிருந்தான்.

அவள் துணியை எடுக்காமலே கீழே இறங்கி வந்துவிட்டாள்.

அன்றிலிருந்து அந்தப் பேச்சு அவளை விடவில்லை. செங்கல்பட்டில் அவள் வேலை பார்க்கும் பரிசோதனை நிலையத்தில் ரத்த மாதிரிக் குப்பிகளுக்குப் பெயர் ஒட்டும்போதெல்லாம் அந்தக் குரல்தான் கேட்டது. பெண்டாட்டி தனியாகப் படுக்கிறாள் என்பதை ஒருவன் இன்னொரு பெண்ணிடம் எதற்குச் சொல்வான்? அவள் எதற்கு வெள்ளிக்கிழமை வர வேண்டும்?

மாசி மாதத்தில் அந்த விடியற்காலையில் நடந்ததைப் பற்றி இந்த வீட்டில் யாரும் பேசுவதில்லை. மாடிப்படிக்குக் கீழே சார்ஜ் ஏறிக்கொண்டிருந்த அன்பரசியின் மின்சார ஸ்கூட்டர் தீப்பிடித்தது. தீ அந்த மூலையோடு நின்றுவிட்டது. புகைதான் நிற்கவில்லை. ஷிஃப்ட்டுக்குக் கிளம்பிய எதிர்வீட்டு ஜோஷ்வா ஜன்னலில் புகையைப் பார்த்துக் கதவை உடைத்திருக்காவிட்டால் என்ன ஆகியிருக்கும் என்பதை நினைக்கக்கூட யாருக்கும் தைரியமில்லை. கலையரசனும் அவன் அம்மா காசியம்மாளும் இருமிக்கொண்டே நடந்து வெளியே வந்தார்கள். அன்பரசியைத் தூக்கிக்கொண்டு வர வேண்டியிருந்தது.

ஆஸ்பத்திரியிலிருந்து அவள் திரும்பி வந்தபோது சுவருக்கெல்லாம் புது வெள்ளை அடித்திருந்தார்கள். கலையரசனுக்கு என்று ஒரு கட்டில் ஹாலில், வாசல் கதவை ஒட்டிக் கிடந்தது.

"காலைல நாலு மணிக்கு வண்டி எடுக்கணும். உன் தூக்கம் கெடும்" என்றான்.

சிங்கப்பெருமாள் கோயிலிலிருந்து தொழிற்சாலைகளுக்கு ஆள் ஏற்றிப் போகும் வேன் அவனுடையது. நாலு மணிக்கு வண்டி எடுப்பது கல்யாணம் ஆன நாளிலிருந்து நடப்பதுதானே? திடீரென்று இப்போது மட்டும் யார் தூக்கம் கெடுகிறது?

உள்ளே வந்து படுங்கள் என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சொல்ல வாயெடுத்த ராத்திரிகள் எத்தனையோ. ஒவ்வொரு தடவையும் அது நாக்கு நுனிவரை வந்து திரும்பிப் போனது. கேட்காதவரைக்கும் ஷிஃப்ட்தான் காரணம். கேட்டு, அவன் மாட்டேன் என்றுவிட்டால், நிஜமான காரணத்தையும் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டி வரும்.

'மாமா, மாமா' என்று வாய் ஓயாமல் கூப்பிட்டவள் எப்போது 'ஏங்க'வுக்கு மாறினாள் என்று அவளுக்கே தெரியவில்லை. அவனும் ஏன் என்று கேட்கவில்லை.

அவன் கட்டில் ஹாலுக்குப் போன பிறகு அவள் கண்ணில் பட்டதெல்லாம் தப்பாகவே பட்டது. வேனைக் கழுவும்போது மிதியடிக்குக் கீழே மணல். ஏரி மண் இல்லை, கிளிஞ்சல் தூளோடு கலந்த கடல் மணல். "மாமல்லபுரம் பக்கம் போயிருந்தீங்களா?" என்று கேட்டாள். "நான் இன்னாத்துக்கு அங்க போறேன்? கம்பெனி டிரிப்தான்" என்றான், அவள் முகத்தைப் பார்க்காமல்.

இன்னொன்று, அவன் கட்டிலுக்குக் கீழே இருக்கும் பக்கெட். அதில் தினமும் ராத்திரி தண்ணீர் பிடித்து ஒரு துண்டை ஊறப்போட்டு வைப்பான். காசியம்மாள் கேட்டதற்கு "உஷ்ணம்மா" என்றான். ஐப்பசி மழை ஜன்னலில் அடிக்கிறது, இவனுக்கு உஷ்ணமாம்! வெளியிலிருந்து எதை ஒட்டிக்கொண்டு வந்து எதைத் துடைக்கிறான்?

இன்றைக்கு வெள்ளிக்கிழமை. அன்பரசி மதியத்துக்கு மேல் லீவு சொல்லிவிட்டு வந்து, மாமியாரோடு உட்கார்ந்து முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். வாசலைப் பார்த்தபடிதான்.

வேன் வந்து நின்றது. முன் சீட்டிலிருந்து ஒரு பெண் இறங்கினாள். இருபத்தைந்து, இருபத்தாறு வயசு இருக்கும். ஜீன்ஸ், தோளில் கனமான பை. பின்கதவைத் திறந்து ஒரு மடக்கு ஏணியைத் தானே இழுத்து எடுத்தாள்.

"யாருடி அது, ஏணியத் தூக்கிகினு வருது?" என்றாள் காசியம்மாள்.

"உங்க புள்ளையக் கேளுங்க அத்த."

கலையரசன் செருப்பைக் கழற்ற அதிக நேரம் எடுத்துக்கொண்டான். "ம்மா, இவங்க விஷாகா. நாவலூர்ல ஒரு கம்பெனில இன்ஜினியர். மாமல்லபுரத்து ரிசார்ட்டுல எல்லாம் இவங்கதான் மாட்றாங்க."

மாமல்லபுரம்! அன்பரசியின் விரல் கீரைக் காம்பை நறுக்கென்று ஒடித்தது.

"இன்னாத்த மாட்றாங்க?"

விஷாகா பையைத் திறந்து, இட்லியைவிடக் கொஞ்சம் பெரிதாக, வெள்ளை வெளேரென்று ஒன்றை எடுத்துக் காட்டினாள். நடுவில் ஒரு சிவப்புப் புள்ளி கண் சிமிட்டியது.

"புகை அலாரம்மா. வீட்டுக்குள்ள புகை வந்தா கத்தும்."

காசியம்மாள் அதை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "கேமராதான இது? மருமவ வேலைக்குப் போனப்பறம் கெய்வி இன்னா பண்றான்னு பாக்க வாங்கிகினு வந்துகீறியா நைனா?"

"பாக்காதும்மா. மோப்பம் மட்டும்தான் பிடிக்கும்" என்றாள் விஷாகா.

"அதுக்கு ஒரு நாய வளத்தா கொறஞ்சது வாலயாச்சும் ஆட்டும்."

விஷாகா வாய்விட்டுச் சிரித்தாள். நல்ல சிரிப்பு. அதுவும் அன்பரசிக்குப் பிடிக்கவில்லை.

"சரி, வாங்கினது வாங்கிட்ட. சமையக்கட்டுல மாட்டு. நெருப்பு அங்கதான கீது?"

"அங்க வேணாம்மா. மிளகா தாளிச்சாலே கத்தும். ரெண்டு நாள் பார்ப்பீங்க, மூணாம் நாள் ஒட்டடைக் குச்சியால ஒரே போடா போட்டுடுவீங்க."

"போடுவேன். பின்ன?"

"அடுப்புகிட்ட நிக்கிறவங்க முழிச்சுகிட்டுதான இருப்பாங்க? இது தூங்கறவங்களுக்கு. அதனால யார் எங்க தூங்கறாங்களோ அங்க மாட்டணும். அப்பறம் மாடிப்படிக்கு மேல ஒண்ணு. புகை படியேறித்தான் போகும்."

யார் எங்கே தூங்குகிறார்கள். அன்பரசி நிமிர்ந்து பார்த்தாள். அதற்குத்தான் கேட்டாளா அன்றைக்கு? மனசில் ஒரு முடிச்சு லேசாக நெகிழ்ந்தது. ஆனால் இதில் மறைக்க என்ன இருக்கிறது? கடல் மணலுக்குப் பொய் எதற்கு?

"தூங்கறவனுக்கு மூக்கு இல்லியா? பொக வந்தா தானா எழுந்துக்க மாட்டானா?" காசியம்மாள் விடவில்லை.

"தூங்கும்போது மூக்கும் தூங்கிடும்மா. புகை யாரையும் எழுப்பாது. இன்னும் நல்லா அமுக்கிப் படுக்கத்தான் வைக்கும்."

கலையரசன் சட்டென்று எழுந்து வாசலுக்குப் போனான். நன்றாக இருந்த வேன் டயரை உதைத்து உதைத்துப் பார்த்துக்கொண்டிருந்தான்.

விஷாகா மாடிப்படிக்குக் கீழே குனிந்து பார்த்தாள். வெள்ளை அடித்தும் அந்த மூலையில் கருப்பு இன்னும் மங்கலாகத் தெரிந்தது.

"இங்கதான் வண்டி நின்னுச்சா? அன்னைக்கு ராத்திரி சார்ஜ் போட்டது யாரு?"

முறம் தரையில் தட்டென்று விழுந்து கீரையெல்லாம் சிதறியது. காசியம்மாள் குனிந்து பொறுக்க ஆரம்பித்தாள்.

"நான்தான்" என்று வாசலிலிருந்து கலையரசனின் குரல் வந்தது. அவ்வளவு அவசரமாக வந்திருக்க வேண்டியதில்லை.

அன்பரசிக்கு நன்றாக நினைவிருந்தது. அன்று லேபிலிருந்து தாமதமாக வந்து ஸ்கூட்டரை வாசலிலேயே விட்டவள் அவள். அப்போதே அவன் குறட்டை விட்டுக்கொண்டிருந்தான். பிறகு வண்டியை உள்ளே தள்ளிக்கொண்டு வந்தது யார்?

மாமியார் பொறுக்கிய கீரையையே மறுபடி பொறுக்கிக்கொண்டிருந்தாள்.

காசியம்மாளின் அறையில் முதல் அலாரம் ஏறியது. இரண்டாவதற்காக விஷாகா நடு அறைக்குள் வந்தாள். அன்பரசி பின்னாலேயே வந்து கதவைச் சாத்தினாள்.

"அவர உனக்கு எப்படித் தெரியும்?"

ஏணியை விரித்துக்கொண்டிருந்தவள் திரும்பிப் பார்த்தாள். கேள்வியின் சூடு அவளுக்குப் புரிந்துவிட்டது. கோபப்படவில்லை.

"மாமல்லபுரத்துல ஒரு ரிசார்ட்ல வேலை நடந்துட்டிருந்துச்சு மேடம். சார் ஒரு லீவு நாள்ல அங்க டூரிஸ்ட்ட எறக்கிவிட வந்தார். நான் பட்டனை அழுத்திச் சத்தம் வருதான்னு பார்த்துட்டிருந்தேன். ஓடி வந்தார். யாருக்கு என்ன ஆச்சுன்னு கேட்டார். ஒண்ணும் இல்லன்னு சொன்னேன். போகல. இந்தச் சத்தத்துக்குத் தூங்கறவங்க கண்டிப்பா எழுந்துப்பாங்களான்னு திரும்பத் திரும்பக் கேட்டார்."

"அப்பறம்?"

"அப்பறம் எங்க பெட்டியெல்லாம் முட்டுக்காட்டு குடோன்லேருந்து ரிசார்ட்டுக்கு ஏத்தி எறக்கினார். கூலி வேணாம், எங்க வூட்டுக்கு வந்து சரியா மாட்டிக் குடுங்கன்னார். அவ்வளவுதான் மேடம்." ஏணியில் ஏறி நின்றாள். "ஃபேனுக்குப் பக்கத்துல வேணாம், காத்து புகையைத் தள்ளிடும். ஜன்னலை விட்டும் தள்ளி இருக்கணும். இங்க போடறேன், உங்க கட்டிலுக்கு நேரா."

மணல் விஷயம் சரியாகிவிட்டது. அன்பரசிக்கு மூச்சு லேசாக வந்தது. அந்தப் பெண் அதோடு நிறுத்தியிருக்கலாம்.

"சார் ஏன் ஹால்ல படுக்கிறார்னு சொன்னப்ப எனக்கே கேக்கக் கஷ்டமா இருந்துச்சு மேடம்."

ட்ரில்லிங் மிஷினின் சத்தம் நிற்கும்வரை அன்பரசி காத்திருந்தாள். "ஏனாம்?"

விஷாகா கீழே பார்த்தாள். அவள் கண்ணில் முதன்முறையாகச் சங்கடம். "உங்களுக்குத் தெரியாதா?"

"எனக்குத் தெரியுமோ தெரியாதோ, அத விடு. உன்கிட்ட இன்னா சொன்னாரு?"

"அதை அவர்தான் மேடம் சொல்லணும். நான் சொன்னா நல்லா இருக்காது."

எங்கிருந்தோ வந்த ஒருத்திக்குத் தெரிந்திருக்கிறது. ஒரே கூரைக்குக் கீழே இருப்பவளுக்குத் தெரியவில்லை. அன்பரசி கதவைத் திறந்துகொண்டு வெளியே போய்விட்டாள்.

மூன்றாவது, மாடிப்படிக்கு மேலே. கடைசியாக ஒன்று மிச்சமிருந்தது.

"இத என் கட்டிலுக்கு மேல மாட்டுங்க" என்றான் கலையரசன், ஹாலைக் காட்டி.

"சார், வேணாம். இதோ பக்கத்துலயே சாமி அலமாரி. வெள்ளிக்கிழமையானா சாம்பிராணி போடுவீங்க இல்ல?"

"போடாம? வூடு முழுக்கக் காட்டுவேன்" என்றாள் காசியம்மாள்.

"பார்த்தீங்களா? கத்தித் தள்ளிடும். எங்கப்பா சிங்கப்பெருமாள் கோயில் மடப்பள்ளியில இருக்கார், எங்க வீட்லயும் இதே பேஜார்தான். ரூம்ல காட்டும்போது கதவுகிட்டயே நின்னு காட்டிட்டு வந்துடலாம். ஹால்ல அது முடியாது. ஹால் தூங்கற எடமில்ல சார். நீங்க படுக்கறதை மாத்திக்குங்க."

மின்விசிறி கிறீச் கிறீச்சென்று சுற்றியது. அன்பரசி தூணில் சாய்ந்து நின்றாள். அவன் என்ன சொல்லப் போகிறான் என்று பார்க்காமல் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இல்லங்க. நான் இங்கதான் படுப்பேன்" என்றான் கலையரசன். "இங்கயே மாட்டுங்க."

அவ்வளவுதான். கேட்காமலே பதில் வந்துவிட்டது என்று அன்பரசி நினைத்தாள். நடு அறைக்குப் போய் பீரோவைத் திறந்து, மடித்து வைத்திருந்த புடவைகளைக் கலைத்துப் போட்டு மறுபடி மடிக்க ஆரம்பித்தாள்.

விஷாகா மாட்டிவிட்டாள். போகும்போது ஏணியைச் சுவரோரம் சாத்தினாள். "இது இங்கயே இருக்கட்டும். ஹால்ல இருக்கறதைக் கழட்டச் சொல்லி எப்படியும் நாளைக்கு எனக்கு போன் பண்ணுவீங்க."

அவளைத் தெருமுனையில் ஷேர் ஆட்டோவில் ஏற்றிவிட்டு வந்த கலையரசன் கட்டிலில் சாய்ந்தான். விடியுமுன் எழுந்தவன், சாய்ந்த உடனேயே தூங்கிப்போனான்.

விளக்கு வைக்கும் நேரம் வந்தது. காசியம்மாள் குளித்து, நெற்றி நிறைய விபூதி பூசி, தூபக்காலில் கொட்டாங்கச்சி நெருப்பை அள்ளிப்போட்டாள். ஒரு பிடி சாம்பிராணி விழுந்ததும் வெள்ளைப் புகை குபுகுபுவென்று கிளம்பியது. அந்தப் பெண் சொன்னதெல்லாம் அவளுக்கு மறந்தே போயிருந்தது. சாமி அலமாரியின் முன் நின்று சுற்ற ஆரம்பித்தாள்.

ஹால் கூரை அலறியது.

அது சாதாரணச் சத்தம் இல்லை. காதுக்குள் ஊசி இறங்குகிற சத்தம். நடு அறையில் புடவையோடு நின்றிருந்த அன்பரசி உறைந்துபோனாள். அப்படியே நின்றபடி, திறந்திருந்த கதவு வழியே அவனைப் பார்த்தாள்.

கலையரசன் கண் திறக்கும் முன்பே எழுந்துவிட்டான். வாசல் கதவு அவன் கைக்கு எட்டும் தூரத்தில், விரியத் திறந்து கிடந்தது. அந்தப் பக்கம் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. கை கட்டிலுக்குக் கீழே போனது. பக்கெட் கவிழ்ந்தது. சொட்டச் சொட்டத் துண்டை உருவிக்கொண்டு, புகைக்கு நடுவே, அம்மாவை இடித்துத் தள்ளிக்கொண்டு நேராக நடு அறைக்கு ஓடி வந்தான்.

"அரசி! அரசி! எழுந்துருடி!"

ஈரத் துண்டு அவள் மூக்கையும் வாயையும் மூடியது. அவளைத் தரையோடு அமுக்கினான். "குனி... குனிஞ்சுகினே வா... நான் கீறன்... நான் முழிச்சுகினுதான் கீறன்..."

அவன் கண் திறந்திருந்தது. ஆனால் அந்தக் கண் மாசி மாதத்தில் இருந்தது.

"டேய்! இன்னாடா கூத்து இது?" காசியம்மாள் தூபக்காலோடு கதவருகே வந்து நின்றாள். "சாமிக்குக் காட்ற சாம்பிராணிடா! அதுக்கு ஏன்டா பொண்டாட்டியப் போட்டு அமுக்கற?"

அவன் அம்மாவைப் பார்த்தான். தூபக்காலைப் பார்த்தான். அவளை அமுக்கியிருந்த கையை எடுத்தான்.

காசியம்மாள் மகன் முகத்தைப் பார்த்தாள். தூபக்காலைக் கொல்லைப்புறம் கொண்டுபோய் வைத்துவிட்டு, ஒட்டடைக் குச்சியின் அடிப்பக்கத்தால் ஹால் கூரையில் இருந்த பட்டனைக் குத்தினாள். இரண்டாம் குத்தில் அலறல் நின்றது. பின்னாலேயே அவள் தன் அறைக் கதவை மெதுவாகச் சாத்திக்கொள்ளும் சத்தமும் கேட்டது.

அன்பரசி முகத்திலிருந்த துண்டை எடுத்தாள். தண்ணீர் கழுத்து வழியே இறங்கி ரவிக்கையை நனைத்தது. ஆறேழு மாதமாக அவள் சந்தேகப்பட்டுவந்த துண்டு.

"இது எனக்கா?"

அவன் தலையைக் குனிந்துகொண்டான். "அன்னிக்கு உன் பக்கத்துலதான் படுத்துகினு இருந்தேன். ஒரு கை தொலவு. எனக்கு ஒண்ணுமே தெரியல அரசி. எதிர்வூட்டுக்காரன் வந்து கதவ ஒடைக்கறான், பக்கத்துல படுத்தவன் தூங்கறான்."

"அதுக்கு?"

"உள்ள மெத்தையில உன்கிட்ட படுத்தா நல்லா தூங்கிடுவேன். அங்க, கதவுகிட்ட, அந்தக் கட்டையில படுத்தா தூக்கம் வராது. மணிக்கொரு தரம் எழுந்து படிக்குக் கீழ மோந்து பாப்பேன். உன் கதவுகிட்ட வந்து மூச்சு கேக்குதான்னு நிப்பேன். அப்பறம் போய்ப் படுப்பேன்."

"என்கிட்ட ஒரு வார்த்த சொல்லியிருக்கலாம்ல?"

"தீன்னு சொன்னாலே உனக்கு மூச்சு வாங்குது. எப்படிச் சொல்றது?"

கதவுக்கு அந்தப் பக்கம் ஒருவன் மூச்சைக் கேட்டுக்கொண்டு நின்றிருக்கிறான். இந்தப் பக்கம் ஒருத்தி, வராத காலடிச் சத்தத்துக்குக் காதைத் தீட்டிக்கொண்டு கிடந்திருக்கிறாள். நடுவில் ஒரு மரக்கதவு. அதையும் சாத்தியது அவள்தான்.

சார்ஜ் போட்டது யார் என்று இப்போது கேட்கலாம். கேட்க வேண்டியதுதான். ஆனால் அதற்கு முன்பே கேட்க வேண்டியது ஒன்று பாக்கி இருந்தது.

அவள் நிமிர்ந்து பார்த்தாள். கட்டிலுக்கு நேர் மேலே, ஃபேனுக்குத் தள்ளி, அந்த வெள்ளை வட்டம் சிவப்புப் புள்ளியை ஒருமுறை சிமிட்டிவிட்டுச் சும்மா இருந்தது.

"இனிமே அது முழிச்சுகினு இருக்கும்" என்றாள். ஈரத் துண்டைப் பிழிந்து ஜன்னல் கம்பியில் போட்டுவிட்டு, அவன் பக்கம் திரும்பினாள்.

"மாமா... உள்ள வந்து படுங்க."